மாத்தி எழுதும் தம்பி

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் திருமண மண்டபமோ நாற்றுப்பண்ணையோ டைல்ஸ் கடையோ, எதற்கு இணையதளம் இருந்தாலும் அதன் பின்னால் ஒரு தம்பி இருப்பார். தளத்தைச் செய்தவர் அவர் இல்லை. செய்தவர் எப்போதோ சென்னைக்கு வேலைக்குப் போயிருப்பார். இவர் ரிப்பேர் பார்க்க வந்து அப்படியே தங்கிவிட்டவர்.

எங்கள் பெரியப்பா மகனின் மண்டபத்துத் தளத்தை மலிவாகக் கிடைத்த புது சர்வருக்கு மாற்றினார்கள். முகப்பு வருகிறது, 'வாடகை'யைத் தொட்டால் 404. தம்பி வந்தார். "என் லேப்டாப்ல வருதேண்ணா!" இதைச் சொல்லாத தம்பியை நான் பார்த்ததே இல்லை.

விஷயம் பெரிதில்லை. வெளியே தெரியும் அழகான முகவரியை உள்ளே இருக்கும் அசல் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ரீரைட் விதி. நம் போஸ்ட்மேன் செய்கிற வேலை. பாகூரோ வாகூரோ, பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன 'வில்லெனூர்' என்ற எழுத்துக்கூட்டலோ, கடிதம் வீடு சேரும். 2006-இல் பாண்டிச்சேரி புதுச்சேரி ஆனபோதும் சேர்ந்தது. அப்பாச்சி சர்வருக்கு இப்படி ஒரு போஸ்ட்மேனை 1996-இல் எழுதிக்கொடுத்தவர் ரால்ஃப் எங்கெல்ஷால் என்ற ஜெர்மானியர். பெயர் மாட்-ரீரைட்.

தம்பி 'டாட் எச்டிஆக்சஸ்' கோப்பைத் திறந்தார். புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் லேசில் கண்ணில் படாத கோப்பு. அதைத் திறப்பவருக்கே ஒரு மந்திரவாதிக் களை வந்துவிடும். காலையில் ஆறு வரி இருந்தது. மாலைக்குள் நாற்பது. எங்கெங்கோ பொறுக்கிய விதிகள். பாதியில் முதல் எழுத்தே சாய்கோடு. அந்தக் கோப்பில் முகவரியின் தலைச் சாய்கோட்டை உரித்துவிட்டுத்தான் சர்வர் ஒப்பிடும். அவை ஜென்மத்துக்கும் பொருந்தா. ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை, "கேஷ் கிளியர் பண்ணுங்கண்ணா."

மூன்றாம் தடவை அண்ணன் கல்லாவைத் திறந்து ஐந்நூறு ரூபாயை நீட்டினார். தம்பி மறுக்கவில்லை.

பாலிடெக்னிக் படிக்கும் அண்ணன் மகள் எட்டிப் பார்த்தாள். "இந்த ஃபைலை சர்வர் படிக்குதான்னு பாத்தீங்களாண்ணா?" கோப்பின் தலையில் 'சுண்டக்காய்' என்று தட்டிச் சேமித்தாள். படித்திருந்தால் சர்வர் அலறி 500 காட்டியிருக்க வேண்டும். அதே 404. அப்பாச்சி 2.4-இல், மேலிடத்து அமைப்பில் 'அல்லோ ஓவர்ரைடு' அனுமதி எழுதிவைக்காவிட்டால் இந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தம்பியின் லேப்டாப்பில் போட்டிருந்த எக்ஸாம்ப் என்ற சர்வர் தொகுப்போ எல்லாவற்றையும் அனுமதித்தே வருகிறது. யாரும் பிரிக்காத மனுவைத் தம்பி பகல் முழுக்கத் திருத்தியிருக்கிறார்.

"அதைத்தான் கடைசியா பாக்கலாம்னு வச்சிருந்தேன்," என்றார், முகம் மாறாமல்.

சுண்டக்காயை அழித்துவிட்டு அனுமதி கொடுத்தார்கள். அந்த நொடியே, பொருந்தாத பாதி போக, மிச்ச வரிகளுக்கெல்லாம் உயிர் வந்தது. 'வாடகை' முகப்புக்கு அனுப்பியது. முகப்பு 'வாடகை'க்குத் திருப்பியது. நம் பக்கம் பஸ்ஸில் போனால் புதுச்சேரி பலகை, தமிழ்நாடு பலகை, மறுபடி புதுச்சேரி என்று மாறி மாறி வருமே, அப்படி. ஆனால் பஸ் ஒரு இடத்தில் நிற்கும்.

தம்பி தாடியைச் சொறிந்தார். "கேஷ் கிளியர் பண்ணிப் பாக்கலாமாண்ணா?"

அண்ணன் எழுந்துபோய்க் கல்லாவைப் பூட்டினார்.