ஊதாப் புல்லும் திணைமயக்கமும்

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம் 1999-இல் வெளிவந்தது. ஆக்கியோர் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டூடியோஸ், பதிப்பித்தோர் மைக்ரோசாஃப்ட். ஆட்டைப் பிடித்து, மரத்தை வெட்டி, ஊர் அமைத்து, கோட்டை கட்டி, கடைசியில் பாரசீகத்தான் யானையோடு வந்து எல்லாவற்றையும் இடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் விளையாட்டு அது. அதை ஆடுவது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. இன்றைய கணினியில் அதை ஓட வைப்பது எப்படி என்பது தனி இயல். அந்த இயலுக்கு முறையான உரை ஒன்று வகுக்கும் பொருட்டு இக்கட்டுரையாசிரியர் ஒரு தீபாவளி விடுமுறையை முழுதாகச் செலவிட்டார். வீட்டில் இதை ஆய்வு என்று ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் நேர்மை கருதி இங்கேயே பதிவு செய்கிறோம்.

முதலில் சொல்லுக்குப் பொருள். ஓடுதலாவது, ஐகானை இருமுறை தட்டியதும் திரை கறுத்து, ஒலி எழுந்து, படம் தோன்றி, அப்படத்தில் புல் பச்சையாக இருத்தல். திரை கறுத்ததோடு நின்றுவிட்டால் அது ஓடுதல் ஆகாது. ஒலி மட்டும் வந்தால் அது வானொலி. அற்றேல், எல்லாம் வந்து புல் மட்டும் ஊதாவாக இருந்தால் என்னவென்று கொள்வது? அறிஞர்கள் பிளவுபடுவது இந்த இடத்தில்தான்.

விண்டோஸ் 7 வந்தது 2009 அக்டோபரில். அதில் இவ்விளையாட்டைத் திறந்தவர்கள் பலர் கண்ட காட்சி இது: புல்வெளியில் ஊதாவும் சிவப்பும் திட்டுத்திட்டாக. கடலில், மழை நாளில் ரோட்டில் சிந்திய பெட்ரோல் போல வானவில். தொல்காப்பியர் திணைமயக்கம் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒரு நிலத்துக்குரிய ஒழுக்கம் இன்னொரு நிலத்தில் வரலாம், பூவும் புள்ளும்கூட இடம் மாறி வரலாம். நிலம் மட்டும் ஒன்றோடொன்று மயங்கக் கூடாது என்பது அவர் விதி. விண்டோஸ் 7-இல் நிலமே மயங்கியது. முல்லைக் காட்டில் நிற்க வேண்டிய ஆடு கத்தரிக்காய் நிறத் தரையில் நிற்கிறது. ஆடு அதைப் பொருட்படுத்தவில்லை. உரிப்பொருளில் மட்டும் பிழை சொல்ல முடியாது. முல்லைக்குரியது காத்திருத்தல். லோடிங் திரைக்கு முன்னால் அது குறைவின்றி நடந்தது.

நோயாளி படுத்த அதே 2009-இல், ஜனவரியிலேயே வைத்தியர் கடையைச் சாத்திவிட்டார் என்பது இந்நோயின் தனிச் சோகம். என்செம்பிள் ஸ்டூடியோஸ் மூடப்பட்டிருந்தது. நாட்டு வைத்தியமே கதி என்றாயிற்று.

நோய்க்காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்றைய படங்களில் ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்தைத் தானே சுமக்கிறது. சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று மூன்று பைட். 1999-இல் நினைவகம் விலை கூடிய சரக்கு. 800-க்கு 600 திரையில் 4,80,000 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் 14,40,000 பைட். ஆகவே சிக்கனம் பிடித்தார்கள். புள்ளிக்கு ஒரே பைட். அதில் இருப்பதும் நிறமன்று, 0 முதல் 255 வரை ஏதோ ஓர் எண். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதைச் சொல்லத் தனியாக ஓர் அட்டவணை.

கோயில் வாசலில் செருப்பு விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கையில் இருப்பது செருப்பல்ல, 47 என்று பொறித்த தகர வில்லை. வில்லை பத்திரமாகத்தான் இருக்கிறது. நாம் உள்ளே அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் அலமாரியைத் தூசி தட்டி, செருப்புகளைத் தன் வசதிப்படி மாற்றி அடுக்கிவிட்டால்? வெளியே வந்து 47-ஐ நீட்டினால் குதிகால் உயர்ந்த ஊதா ஜோடி ஒன்று வந்து விழும். வில்லையிலும் குற்றமில்லை, எண்ணிலும் குற்றமில்லை. இங்கே அலமாரியைக் கலைத்த புண்ணியவான் பெயர் எக்ஸ்ப்ளோரர். டெஸ்க்டாப், டாஸ்க்பார் எல்லாம் அவர் பொறுப்பு. விளையாட்டு திரை முழுவதையும் எடுத்துக்கொண்ட பிறகும் அவர் பின்னால் நின்றுகொண்டு அட்டவணையில் தன் நிறங்களை எழுதிக்கொண்டே இருக்கிறார். 256 நிறக் காலத்தில் முதல் பத்து, கடைசிப் பத்து என்று இருபது இடங்களை விண்டோஸ் தனக்கென ஒதுக்கி வைத்திருந்தது. பழைய மிராசு. மிராசுதாரர் காலம் மாறியதை எப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்?

தீர்வு காண்பதில் இரண்டு மரபுகள் தோன்றின. முன்னது கொலை மரபு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை முடித்துவிடுவார்கள். உடனே ஐகான்கள், டாஸ்க்பார், ஸ்டார்ட் பட்டன் எல்லாம் மறைந்து, வால்பேப்பர் மட்டும் சாவு வீட்டு முற்றம் போல வெறிச்சென்று நிற்கும். டாஸ்க் மேனேஜரிலிருந்தே விளையாட்டைத் திறந்தால் புல் பச்சை. ஆடி முடித்ததும் அதே வழியில் எக்ஸ்ப்ளோரருக்கு உயிர் கொடுக்க வேண்டும். இம்மரபில் தேறியவர்கள் ஒரு பேட்ச் கோப்பில் மூன்று வரி எழுதிவைத்துக்கொண்டு கொலை, ஆட்டம், உயிர்ப்பித்தல் மூன்றையும் ஒரே சொடுக்கில் முடித்தார்கள்.

பின்னது காவல் மரபு. டெஸ்க்டாப்பில் வலது சொடுக்கி 'ஸ்க்ரீன் ரெசல்யூஷன்' என்னும் சாளரத்தைத் திறப்பார்கள். அதில் எதையும் மாற்ற மாட்டார்கள். மூடவும் மாட்டார்கள். திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு விளையாட்டுக்குள் போய்விடுவார்கள். அவ்வளவுதான், புல் பச்சையாகிவிடும். சும்மா திறந்து கிடக்கும் சாளரம் எப்படிக் காக்கும் என்று வினவுவோர்க்கு, பரீட்சை ஹாலில் வாத்தியார் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே பையன்கள் பிட்டை வெளியே எடுப்பதில்லை, அதுபோல என்க. கொலை மரபினர் இதை மூடநம்பிக்கை என்று எள்ளினார்கள். ஆனால் புதுக் காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைப் பார்த்துச் சிரிக்கும் பொறியாளர்களே, கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சாளரத்தைத் திறந்து வைத்தார்கள். நம் தீர்ப்பு காவல் மரபின் பக்கம். உயிர்ச்சேதம் இல்லை.

இடையில் ஒரு சிறு குறிப்பு. இவ்விளையாட்டு கேட்ட குறைந்தபட்சக் கணினி 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியம், 32 எம்பி ரேம். இன்று சாதாரண மடிக்கணினியிலேயே 8 ஜிபி இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், சரியாக 256 மடங்கு. நிறங்களும் 256! இதற்குள் ஏதோ பெரிய உண்மை ஒளிந்திருக்கிறது என்று மூன்று நாள் நம்பியிருந்தோம். நான்காம் நாள் மைத்துனர் 16 ஜிபி மடிக்கணினியோடு வந்து கொள்கையைக் கெடுத்தார்.

கள ஆய்வுக்கு வருவோம். எடுத்துக்கொண்டது விண்டோஸ் 11 ஓடும் ஒரு மடிக்கணினி. உடன் ஆய்வாளர் அக்கா மகன், வயது பதினான்கு. பீரோவின் அடித்தட்டில், கல்யாணப் பத்திரிகைகளுக்கும் கரண்ட் பில் ரசீதுகளுக்கும் நடுவே, குறுந்தகடு கிடைத்தது. அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த உடன் ஆய்வாளர் கேட்டான்:

"மாமா, இத எங்க சொருகறது?"

"பக்கவாட்டுல பாருடா."

"பக்கவாட்டுல சார்ஜர் ஓட்டைதான் மாமா இருக்கு."

பாலைக்குரியது பிரிதல். தகடு ஒருபுறம், அதற்கான வாய் இல்லாத கணினி மறுபுறம். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றிலிருந்து யுஎஸ்பி டிரைவ் ஒன்றை ஒரு நாள் கடனாக வாங்கி வந்தோம். அதோடு தீரவில்லை. அக்காலத் தகடுகள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்றொரு பூட்டு இருந்தது. அதன் சாவி விண்டோஸுக்குள்ளேயே ஒரு டிரைவராக இருந்தது. அந்தச் சாவியால் வீட்டுக்கே ஆபத்து என்று 2015-இல் விண்டோஸ் 10 அதைத் தூக்கி எறிந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவன் தகடு ஓடாது. பூட்டை உடைத்து விற்றவனிடம் வாங்கியவனுக்கு ஒரு தொல்லையும் இல்லை. எந்த நீதிநூலிலும் இதற்கு விடை இல்லை. எம் தகடு எந்த வகை என்பது ஆய்வுக்குப் புறம்பானது.

கொலையில் தொடங்கிய இவ்வியல் பிற்காலத்தில் பொய்யில் நிலைபெற்றது என்பதே நம் கண்டுபிடிப்பு. விளையாட்டை ஒரு தாத்தாவாக எண்ணிக்கொள்ளுங்கள். அவருக்கு இன்னும் 1999 முடியவில்லை. வயதானவர் திண்ணையிலிருந்து "பால்காரன் வந்தானா?" என்று கேட்டால், பால்காரர் செத்துப் பத்து வருஷமாகிறது என்று யாரும் சொல்வதில்லை. "வந்துட்டுப் போய்ட்டான் தாத்தா" என்று பாக்கெட் பாலைக் காய்ச்சிக் கொடுக்கிறோம். வள்ளுவரும் இவ்வகைப் பொய்க்கு வாய்மை அதிகாரத்துக்குள்ளேயே இடம் விட்டிருக்கிறார்.

தாத்தா முதலில் கேட்பது, இது எந்த விண்டோஸ் என்று. கம்பேட்டிபிலிட்டி என்ற பகுதியில் விண்டோஸ் 98 என்பதைத் தேர்ந்துவிட்டால், கணினி கூசாமல் "98 தான் தாத்தா" என்கிறது. அடுத்து, பாதி ஆட்டத்தைச் சேமித்து வைக்கத் தன் பழைய இடமான ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் போகப் பார்க்கிறார். விஸ்டா காலத்திலிருந்து அந்த அறைக்குள் கண்டவர்கள் எழுத முடியாது. அதை முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல், விண்டோஸ் அந்தக் கோப்பை வாங்கி வெர்ச்சுவல்ஸ்டோர் என்னும் பின்கட்டில் வைத்துவிட்டு, "அங்கேயே வச்சாச்சு" என்கிறது. தாத்தா கேட்கும்போதெல்லாம் எடுத்தும் கொடுக்கிறது. அவருக்குத் திருப்தி. நேரே போய்த் தேடிய உடன் ஆய்வாளர்தான் ஒரு மாலை முழுவதும் தன் கோட்டையைக் காணாமல் அலைந்தான்.

பெரிய பொய், படம் வரைவதில். 1999-இல் விளையாட்டு திரையோடு பேசிய மொழி டைரக்ட்டிரா. இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது வழக்கொழிந்த மொழி. நடுவே ஒரு துபாஷி வேண்டும். அப்படி ஒருவர் சிஎன்சி-டிடிரா. முதலில் 'கமாண்ட் அண்ட் காங்கர்' விளையாட்டுக்காகப் பிறந்து, பிறகு ஊர்ப் பொதுவானவர். இவரை வேலைக்கு வைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விளையாட்டு 'டிடிரா' என்னும் டிஎல்எல் கோப்பைக் கூப்பிடும்போது, விண்டோஸ் முதலில் பார்ப்பது விளையாட்டு குடியிருக்கும் ஃபோல்டரில். அங்கே இல்லையென்றால்தான் தன் சொந்தக் கிடங்குக்குப் போகும். ஆகவே அதே பெயரில் ஓர் ஆளை வீட்டு வாசலிலேயே உட்கார வைத்துவிட்டால் காரியம் முடிந்தது. கூப்பிட்ட குரலுக்கு இவர் எழுந்து வருவார். டூப்ளேக்ஸுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை வாய்த்தது போல. விளையாட்டு தன் 256 நிற அட்டவணையை அதிகாரமாக நீட்டும். இவர் பணிவோடு வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு எண்ணையும் முழு நிறமாக மாற்றி ஓப்பன்ஜிஎல்லிடமோ டைரக்ட்3டியிடமோ ஒப்படைப்பார். எக்ஸ்ப்ளோரர் கலைப்பதற்கு வாசலில் இப்போது அலமாரியே இல்லை. செருப்பெல்லாம் துபாஷியின் மடியில்.

அகலத் திரைப் பிரச்சினையையும் அவரே பார்த்துக்கொள்கிறார். 4-க்கு 3 என்ற அளவில் வரைந்த படத்தை 16-க்கு 9 திரையில் இழுத்து நிரப்பினால் எல்லா உயிரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். "மாமா, குதிரை கர்ப்பமா இருக்கு" என்று உடன் ஆய்வாளர் குறிப்பெழுதினான். ஒரு டிக் அடித்து இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டதும் பிரசவமாகிவிட்டது.

மைத்துனரோடு லானில் இணைந்து ஆட டைரக்ட்பிளே வேண்டும். அதை விண்டோஸ் தூக்கி எறியவில்லை. 'லெகசி காம்போனென்ட்ஸ்' என்னும் பரணில் போட்டிருக்கிறது. ஏறி எடுத்துக்கொள்ளலாம். எடுத்தோம். ஆட்டம் தொடங்குவதற்குள் அவருடைய மனைவி கூப்பிட்டுவிட்டார். மருதத்துக்குரியது ஊடல்.

இவ்வியலின் அடிவேரையே வெட்டும் போக்கு ஒன்றையும் மறைப்பதற்கில்லை. 2019 நவம்பரில் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்று இதே விளையாட்டைப் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். கொலையும் வேண்டாம், பொய்யும் வேண்டாம், பணம் போதும். அதில் புல் எப்போதும் பச்சை; ஆய்வாளனுக்கு அங்கே வேலையே இல்லை. எம் தகட்டில் இருந்தவை 13 நாகரிகங்கள், அவற்றில் சோழன் இல்லை. புதியதற்கு 2022-இல் வந்த இணைப்பில் திராவிடர் என்றொரு நாகரிகம், உருமி வீசும் வீரர்கள், ராஜேந்திரன் பெயரிலேயே ஒரு படையெடுப்பு. கடாரம் கொண்டவனுக்கே 23 ஆண்டுக் காத்திருப்பு என்றால், அதுவும் முல்லைதான். உடன் ஆய்வாளர் தன் நண்பன் வீட்டில் இதை ஆடிவிட்டு வந்து, "மாமா, நீங்க ஏன் இத வாங்கல?" என்று கேட்டான். ஆய்வுலகில் கேட்கக் கூடாத கேள்விகள் சில உண்டென்று அவனுக்கு விளக்கப்பட்டது.

விடுமுறையின் கடைசி இரவு, மணி பதினொன்றுக்கு, எம் தகட்டு விளையாட்டு ஓடியது. திரை கறுத்தது, ஒலி எழுந்தது, படம் வந்தது. ஆடு பிடித்தோம், மரம் வெட்டினோம், ஊர் அமைத்தோம். நாற்பதாவது நிமிடத்தில் பாரசீக யானைகள் வந்து எல்லாவற்றையும் இடித்தன. புல் கடைசிவரை பச்சையாகவே இருந்தது.