அரிவாள்மனையோடு வாருங்கள்

"கல்யாணத்தைக் காண்டிராக்டில் விடாதீர்கள், வீட்டார் கூடிச் செய்யுங்கள்" என்று போன மாதம் இரண்டே வரி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி கல்யாண வீட்டிலிருந்து. அதனால் இந்த வாரம் முழுக்க மேளச்சத்தம்தான்.

கே: என் கல்யாணத்துக்கு நானே எல்லா ஏற்பாடும் செய்கிறேன். எதில் ஆரம்பிப்பது?
– மாப்பிள்ளை, பல்லாவரம்

ப: மண்டபத்தில். மண்டபம் கிடைக்கிற நாள்தான் நல்ல நாள்.

கே: நிச்சயமாகிவிட்டது. ஆனாலும் சனி, ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் வெளியே போக வேண்டும் என்றால் வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள்.
– மணப்பெண், திருச்சி

ப: தங்கச்சி, நீங்கள் கேட்கிற விதத்தில்தான் கோளாறு. "வெளியே போயிட்டு வர்றோம்" என்றால் எந்த வீட்டிலும் "எதுக்கு?" என்றுதான் வரும். "குத்துவிளக்கு வாங்கிட்டு வர்றோம்" என்று சொல்லிப் பாருங்கள், அப்பாவே ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விடுவார்.

காலை ரயிலில் கும்பகோணம். அங்கே இட்லி. அங்கிருந்து பஸ்ஸில் நாச்சியார்கோவில். காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து, பித்தளையைக் காய்ச்சி ஊற்றி, கடைந்து, மெருகேற்றி, உச்சியில் அன்னப்பட்சியை உட்கார வைக்கிற ஊர். விளக்கு ஒரே வார்ப்பு என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அடிப்பாகம், தண்டு, அகல், உச்சி என்று தனித்தனியாகச் செய்து திருகிப் பூட்டுகிறார்கள். கழற்றி எடுத்துக்கொண்டால் தண்டு அவர் கையில், அகல் உங்கள் மடியில். திரும்பி வரும் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வரலாம்.

"நானும் வர்றேன்" என்று அத்தை கிளம்புவார். கூட்டிக்கொண்டு போங்கள், பேரம் பேச ஆள் வேண்டும். விளக்கு வாங்கியாயிற்று என்றால் அடுத்த சனிக்கிழமை தாம்பூலத்துக்கு வெற்றிலை பார்க்க வேண்டாமா? அதற்கும் கும்பகோணம்தான்! கல்யாண வேலையை நாமே எடுத்துச் செய்வதில் எனக்கு முதல் சந்தோஷமே இந்தச் சனிக்கிழமைகள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதபோது ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்று எந்த ஜாதகத்திலும் எழுதியிருக்காது. கையில் பித்தளைத் தண்டோடு நின்றுகொண்டு வரும்போது தெரிந்துவிடும்.

கே: கல்யாணத்துக்கு முன் போட்டோ ஷூட் மாமல்லபுரத்தில் வைக்கலாமா, ஏற்காட்டிலா?
– மாப்பிள்ளை, சேலம்

ப: இரண்டு ஊருக்கும் போங்கள். கேமராக்காரரை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

கே: அண்ணன் கல்யாணப் பத்திரிகை என் பொறுப்பு. வாசகம் நானே எழுதினேன். எங்கே அடிப்பது? வேறெதைக் கவனிக்க வேண்டும்?
– மணமகனின் தம்பி, திருவள்ளூர்

ப: வாருங்கள் தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

மின்சார ரயிலில் ஏறிச் சென்னைக்கு வந்து பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள். காகிதமும் கல்யாணப் பத்திரிகையுமாகவே வாழ்கிற தெரு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை காலையில் போய்விடுங்கள். மாதிரி ஆல்பத்தைப் புரட்டும்போது கண்ணை நம்பாதீர்கள், கட்டைவிரலை நம்புங்கள். பளபளவென்று மின்னுகிற அட்டையில் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினால் ஒட்டாது, வழியும். சொரசொரப்பான அட்டைதான் மஞ்சளைக் குடிக்கும்.

இனி வாசகம். நீங்கள் அனுப்பிய நகலில் "திருவளர்ச்செல்வன்" என்று இருக்கிறது. அந்த "ச்"சை இன்றே எடுத்துவிடுங்கள்! "திருவளர்செல்வன்" என்பதில் வருவது வினைத்தொகை. வளர்ந்த, வளர்கிற, வளரும் செல்வன் என்று மூன்று காலமும் அதற்குள் சுருண்டு கிடக்கிறது. வினைத்தொகையில் ஒற்று மிகாது. சுடுசோறு என்கிறோம், சுடுச்சோறு என்று கேட்டு யாராவது சாப்பிட்டதுண்டா? ஊறுகாய் என்கிறோம், ஊறுக்காய் என்று சொன்னால் பாட்டி ஜாடியை மூடிவிடுவார். இருபது வருடமாகக் கையில் வருகிற ஒவ்வொரு பத்திரிகையிலும் இந்தச் "ச்"சைச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலாவது அது ஒழியட்டும். வீட்டில் கல்யாணத்துக்கு இன்னும் பிள்ளைகள் இருந்தால் "திருவளர்", இதுதான் கடைசிக் கல்யாணம் என்றால் "திருநிறை" என்று போடுகிற வழக்கமும் உண்டு. நீங்கள் இன்னும் பாக்கி இருப்பதால் அண்ணனுக்குத் "திருவளர்".

அச்சுக்குப் போகுமுன் பெரியப்பாவை உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். எழுத்துப்பிழைக்காக மட்டுமில்லை. "தங்கள் நல்வரவை விரும்பும்" என்பதற்குக் கீழே வருகிற பெயர்களின் வரிசையை அவர்தான் சரியாகச் சொல்வார். அதில் யார் பெயராவது விட்டுப்போனால் அந்தக் குடும்பத்தைச் சமாதானப்படுத்த இன்னொரு கல்யாணம் தேவைப்படும்.

கே: நகை வாங்கப் போகிறோம். ஒரு வரியில் ஆலோசனை?
– மணப்பெண்ணின் அப்பா, திண்டுக்கல்

ப: 22 காரட் என்றால் 916 முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறி கொண்ட ஹால்மார்க் அடையாளமும் நகையிலேயே இருக்க வேண்டும், அந்த ஆறு குறி 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம்.

கே: மொத்தமே 200 பேர்தான். பெரியம்மா, சித்தி, அத்தை எல்லோருக்கும் நல்ல கைப்பக்குவம். சமையலையும் நாமே பார்த்துக்கொள்ளலாமா?
– மணப்பெண்ணின் அக்கா, ஈரோடு

ப: கூடாது. கூடாது. கூடவே கூடாது! கோலம் உங்களுடையது, தோரணம் உங்களுடையது, தாம்பூலப் பை உங்களுடையது. அடுப்பு மட்டும் தொழில் தெரிந்தவருடையது.

கணக்கைப் பாருங்கள். இலைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்தாலும் 200 பேருக்கு 20 கிலோ. வெந்தால் 50 கிலோவுக்குக் குறையாத சோறு. கொதிக்கக் கொதிக்க அந்த அண்டாவைச் சாய்த்துக் கஞ்சி வடிக்க வேண்டும். பெரியம்மாவின் கைப்பக்குவத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் இடுப்பைப் பற்றித்தான் கவலை. தாலி கட்டுகிற நேரத்தில் மேடைக்குப் பக்கத்தில் நின்று கண் கலங்க வேண்டியவர் அவர். அடுப்படிப் புகையில் கலங்கக் கூடாது.

அதற்காக எல்லாவற்றையும் காண்டிராக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. சமையல்காரரோடு கூலி மட்டும் பேசுங்கள். அவர் லிஸ்ட் கொடுப்பார். பருப்பு, புளி, வெல்லம் எல்லாம் நீங்கள் பார்த்து வாங்குங்கள். மஞ்சளுக்கு ஈரோட்டுக்காரர் எங்கேயும் போக வேண்டியதில்லை. இலை மட்டும் தலைவாழையாக இருக்கட்டும், நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம். மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. பந்திக்குள் வரவே விடாதீர்கள்.

முந்தின ராத்திரி காய் நறுக்குவதற்குக் கூலி ஆள் வைக்க வேண்டாம். இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு அரிவாள்மனையோடு வரச் சொல்லுங்கள். என் அக்கா மகள் கல்யாணத்தில் அப்படித்தான் செய்தோம். மண்டபத்துப் பின்கட்டில் ஜமுக்காளம் விரித்து, நடுவில் பூசணியையும் பீன்ஸையும் குவித்தோம். மாப்பிள்ளையின் சித்தப்பா அதுவரை எங்களிடம் "நல்லது", "ஆகட்டும்" என்பதற்கு மேல் பேசாத மனிதர். ஐந்து கிலோ சின்ன வெங்காயத்தை அவர் முன்னால் கொட்டினார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, காம்பைக் கிள்ளி ஒரு இழுப்பு இழுத்தார். தோல் முழுசாகக் கழன்று வந்தது. நாலு பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் இரண்டு வீட்டு ஆண்களும் "வாடா, போடா" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தம் நிச்சயதார்த்தத்தன்று ஆனது; சொந்தம் ஆனது அந்த ஜமுக்காளத்தில்தான்.

கே: மேடைக்குப் பிளாஸ்டிக் பூ வைத்தால் வாடாது, செலவும் குறைவு என்கிறார்கள்…
– மணப்பெண்ணின் தோழி, மதுரை

ப: மதுரையிலிருந்துகொண்டு இதைக் கேட்கலாமா அம்மா? விடிவதற்கு முன் மொட்டாகப் பறித்து, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு வந்து, சாயங்காலத்துக்கு மேல் மலர்ந்து ஊரையே மணக்க வைக்கிற மல்லி உங்கள் ஊருடையது. புவிசார் குறியீடு வாங்கிய பூ அது. முகூர்த்த நாளில் விலை ஏறும், பனிக்காலத்தில் வரத்தும் குறையும். அந்த மாதிரி நேரத்தில் மேடைக்குச் சம்பங்கியும் மாவிலையும் தென்னங்குருத்தும் போதும். உதிரிப் பூவாக வாங்கி, வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு நீங்களே கட்டுங்கள். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, எதிர்ப்பக்கம் இரண்டு மொட்டு, நாரை ஒரு சுற்று, விரலில் வளையம், ஒரு இழுப்பு. முதல் முழத்துக்கு அரை மணி நேரம் ஆகும். பத்தாவது முழத்தில் கை தானே ஓடும். வாடாத பூவில் என்ன இருக்கிறது? வாடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்றுதானே எல்லோரும் கல்யாணத்துக்கு வருகிறார்கள்!

கே: நாதஸ்வரமா, டிஜேயா?
– மாப்பிள்ளையின் நண்பர்கள், கோவை

ப: கெட்டிமேளத்தை டிஜே வாசித்து நான் கேட்டதில்லை.

கே: தங்கை கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம். எவர்சில்வர், மிக்ஸி இல்லாமல் வேறென்ன கொடுக்கலாம்?
– அண்ணன், கோவில்பட்டி

ப: பத்தமடைப் பாய். மூன்று மாதம் இருக்கிறது என்றீர்களே, அது பாய்க்குப் போதும். ஆனால் இந்த வாரமே கிளம்பினால்தான். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைப் பாசஞ்சரில் சேரன்மகாதேவியில் இறங்கினால் பத்தமடை பக்கம். கோரையைக் கீறிக் காயவைத்து, தாமிரபரணித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, பருத்திப் பாவில் ஒவ்வொரு இழையாகக் கோத்து நெய்கிறார்கள். உயர்ந்த ரகத்தைத் துணி மாதிரி மடிக்கலாம். மணமக்கள் பெயரையும் கல்யாணத் தேதியையும் பாயிலேயே நெய்து கொடுப்பது அந்த ஊர் வழக்கம். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். எத்தனை மதத்துக் கல்யாணங்களுக்கு அவர்கள் கையால் நெய்த பாய் விரிந்திருக்கிறது என்று எண்ணவே முடியாது. பெயரைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். பத்திரிகையில் பிழை வந்தால் பேச்சு ஒரு வாரத்தில் அடங்கும், பாயில் வந்தால் பேரன் வரை படிப்பான். திரும்புமுன் இன்னும் கொஞ்சம் மேற்கே ரயிலில் போனால் கல்லிடைக்குறிச்சி. பந்திக்கு அப்பளம் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. என்னை வளர்த்தது அம்மா. கல்யாணச் செலவும் எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில்தான். ஆனால் அம்மா மேடைக்கு வர மாட்டேன், கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்கிறார். நான் என்ன செய்வது?
– மணப்பெண், விருதுநகர்

ப: உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன், தங்கச்சி.

பத்திரிகையில் அழைப்பவராக அம்மா பெயரை முதல் வரியில் போடுங்கள். பந்தக்காலுக்கு முதல் மஞ்சளும் குங்குமமும் அவர் வைக்கட்டும். தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் ஆசி வாங்கச் சுற்றி வருவார்கள் இல்லையா, அந்தத் தட்டு அம்மா கையிலிருந்து புறப்படட்டும்.

யாராவது முணுமுணுப்பார்கள். "எங்க வழக்கத்தில் இல்லையே" என்பார்கள். 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோதே இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்துவிட்டது. உறவினர்களோ நண்பர்களோ முன்னிலையில், தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ அது சட்டப்படி கல்யாணம். புரோகிதரே கட்டாயமில்லை என்று சட்டம் சொல்லும்போது, பெற்ற தாய் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று சொல்ல வேறு யாருக்கு உரிமை இருக்கிறது?

ஆனால் அம்மாவிடம் சட்டம் பேசாதீர்கள். அவர் மறுப்பது ஊருக்குப் பயந்து மட்டுமில்லை, தன்னால் உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். "எனக்கு ஏதாவது ஆயிடும்னு பயப்படுறியாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். அழட்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை வீட்டுக்கு வரச் சொல்லி, அவர் வாயால், "நீங்க தட்டு எடுத்துக் கொடுக்காம நான் மேடை ஏற மாட்டேன், அத்தை" என்று சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் நூறு தடவை சொன்னாலும் அசையாதவர் அதற்கு அசைவார். வீட்டார் கூடிச் செய்யுங்கள் என்று நான் எழுதியது செலவைக் குறைக்க இல்லை, இதற்காகத்தான். மண்டபத்துக்காரரும் காண்டிராக்டரும் வைத்த முறையில் அம்மாவுக்கு இடமில்லை. நீங்களே வைக்கிற முறையில் முதல் இடம் அவருக்கு.

கே: மாமியாருக்கு முதல் பரிசாக என்ன கொடுப்பது?
– மருமகள் ஆகப்போகிறவர், நாகர்கோவில்

ப: ஒரு முழுச் சனிக்கிழமை.

கே: எல்லாம் முடிந்துவிட்டது. பந்தல் பிரித்தாயிற்று, மொய்க் கணக்கும் எழுதியாயிற்று. இனி நிம்மதியாகத் தூங்கலாமா?
– புது மாப்பிள்ளை, கடலூர்

ப: இன்னும் ஒரு வேலை பாக்கி. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும், எந்த மதமானாலும். கல்யாண நாளிலிருந்து 90 நாளுக்குள். தவறினால் இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு, கூடுதல் கட்டணத்தோடு. சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணப் பத்திரிகையும் கேட்பார்கள். பழைய பேப்பரோடு போட்டுவிடாமல் இரண்டு மூன்றை இன்றே எடுத்து வையுங்கள். அதில் "திருவளர்செல்வன்" என்று ஒற்றில்லாமல் அச்சாகியிருந்தால், எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.