பால்கோவாவுக்குப் பரிகாரம் பிசின்

பேராண்டி, இப்படி வந்து உக்காரு. அந்தப் பிசின் டப்பாவைக் கீழ வையி, அது எங்கயும் ஓடிப் போயிராது. வயித்துல எதுவும் ஓடலன்னுதான அதையே வாங்குன?

சரக்கு நல்ல சரக்குதான், குத்தம் சொல்ல மாட்டேன். சூடான் தேசத்து வேலமரத்துப் பிசின். உலகத்துக்கே பெரும்பங்கு அங்கருந்துதான் போகுது. கோர்டோஃபான் பக்கம் மழை ஓஞ்ச பொறகு பட்டையைக் கீறி விட்டுருவாக. சொட்டுச் சொட்டா வடிஞ்சு உருண்டையாக் காஞ்சு நிக்கும், வந்து பொறுக்கிக்கிருவாக. 1997ல அமெரிக்காக்காரன் சூடானோட கொடுக்கல் வாங்கலே கூடாதுன்னு தடை போட்டான். பிசினுக்கு மட்டும் விலக்கு! ஏன்னா நீ குடிக்கிற கலர்ல வாசனை எண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்காமப் பிடிச்சு வைக்கிறது இதுதான். கொள்கை பெருசா, கலர் பெருசா? 2023 ஏப்ரல்லருந்து அங்க சண்டை வேற. அந்தச் சனம் படுற பாட்டுக்கு நடுவுலதான் இது கப்பலேறி வருது, வெலையைப் பாத்து மூஞ்சியச் சுளிக்காத.

வேலை செய்யுமான்னா, செய்யும். பாதாம் பிசின் கணக்கா தண்ணியில ஊதிப் பெருக்காது, இசப்கோல் கணக்கா கொழகொழன்னும் ஆகாது. கரைஞ்சு காணாமப் போயிரும். சிறுகுடல்ல செரிக்காது. பெருங்குடலுக்குப் போனதும் அங்க குடியிருக்கிற நுண்ணுயிருக அதைத் தின்னு, குடலுக்குத் தெம்பு குடுக்கிற அமிலங்களை உண்டாக்கும். மெதுவாப் புளிக்கிறதால வாயுத் தொல்லையும் கொறச்சல். 2021 டிசம்பர்ல அமெரிக்காவோட எஃப்.டி.ஏ.வே இதை நார்ச்சத்துக் கணக்குல சேத்துக்கிடலாம்னு ஒத்துக்கிட்டுச்சு. கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. எல்லாம் ஒன் போன்லதான். காலையில நீ உள்ள போயிக் கதவைச் சாத்துனா, எனக்கு ஒரு பட்டப்படிப்பே படிக்க நேரம் கெடைக்குதே.

எனக்கு வெசனமெல்லாம் நீ பண்ற கூத்தைப் பாத்துத்தான். நேத்து ராஜபாளையத்துல பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போறேன்னு சொன்ன. ஆண்டாளைக் கும்பிடப் போறான், பய திருந்திட்டான்னு நெனச்சேன். கோபுரத்துக்கு ஒரு கும்பிடு தூரத்துலருந்தே போட்டுட்டு நேராப் பால்கோவாக் கடைக்குள்ள நொழஞ்சிருக்க. பால்கோவாவைப் பழிச்சா என் நாக்கு அழுகிரும். 2019ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு. ஆனா பாலும் சீனியும் தவிர அதுல என்னப்பா இருக்கு? நார் மருந்துக்கும் கெடையாது. அதைக் காலி பண்ணிட்டு, ராத்திரி புரோட்டா, சால்னா. படுக்கப் போகையில ரெண்டு ஸ்பூன் பிசினைக் கரைச்சுக் குடிச்சுப் பாவத்தைத் தொலைக்கப் பாக்குற.

பெரியாளுக்கு நாளைக்கு 25 கிராம் நாராவது வேணும், அதுவும் சாப்பாட்டுலயே இயல்பா இருக்கிற நாரா இருக்கணும்னு 2023ல உலக சுகாதார நிறுவனம் சொல்லிருச்சு. ஐதராபாத்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட பட்டியலப் பாத்தா, 100 கிராம் கம்புல 11 கிராம் நார் இருக்கு. தீட்டுன அரிசியில 3 கூட இல்ல. ஒங்க ஆச்சி போன வாரம் கம்மங்கூழ் கரைச்சு வச்சப்ப செம்பை ஒதுக்குனது யாரு? குதிரைவாலியும் நம்ம விருதுநகர்ச் சீமையில வெளையிறதுதான். ஆனா அதையும் மெஷின்ல விட்டு வெள்ளை வெளேர்னு தீட்டித்தான் இப்ப விக்கிறாக, தவிடு போச்சுன்னா நாரும் போச்சு. பாத்து வாங்கு.

இன்னொண்ணு கேட்டியே, நம்ம கண்மாய்க்குள்ள நிக்கிற கருவேலமரத்துலயும் பிசின் வடியுதே, அதையே சுரண்டிக்கிட்டா என்னன்னு. காசை மிச்சம் பிடிக்கிற புத்தி மட்டும் தப்பாம நம்ம வம்சத்துலருந்து வந்துருக்கு. ஆனா நாட்டு வைத்தியத்துல கருவேலம் பிசினை வயித்தாலப் போறதை நிறுத்தவும் குடுப்பாக. ஏற்கெனவே நின்னு போனவனுக்கு எதுக்கு? நாங்க அதுல பட்டம் ஒட்டுனோம், தபால் ஒட்டுனோம். கண்மாயில இப்பப் பாதிக்கு மேல சீமைக்கருவேலம் வேற. 2017ல மதுரை ஐகோர்ட்டுக் கிளை வெட்டச் சொல்லியும் வேரூனி நிக்கிற மரம், அது இனமே வேற. அதுலயும் இதே நெறத்துலதான் பிசின் வடியும். எது எந்த மரம்னு தெரியாத பட்டணத்துப் பய நீ, கத்தியைத் தூக்கிக்கிட்டுக் கரைப்பக்கம் போயிராத. நாட்டுமருந்துக் கடையில வாங்குனாலும் எந்த மரத்துப் பிசின்னு கேட்டு வாங்கு.

டப்பா வாங்கியாச்சு, தூரவா போட முடியும்? குடி. ஆனா அரை ஸ்பூன்ல ஆரம்பி, ஒரு வாரம் கழிச்சுக் கூட்டு. எடுத்த எடுப்புலயே ஏத்துனா வயிறு தவிலாட்டம் உப்பிக்கிரும், பக்கத்துல எங்களால படுக்க முடியாது. நெறையத் தண்ணி குடி; கலர் தண்ணியில சேத்தி இல்ல. வேற மாத்திரை எதுவும் சாப்பிட்டா டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்க. போறப்ப ரத்தம் பட்டாலோ, சும்மாவே எடை எறங்குனாலோ, வாரக்கணக்குல இப்படியே அடைச்சுக் கெடந்தாலோ, பிசினும் வேண்டாம் கம்பும் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. கூச்சப்படாம விவரமாச் சொல்லு, டாக்டருக்குத் தெனமும் இதே கதைதான்.

ஆச்சி காதுல மட்டும் இது எதுவும் விழ வேண்டாம். வெளக்கெண்ணெய் பாட்டிலை எங்க வச்சான்னு இப்பவே தேடிக்கிட்டுத் திரியிறா.