விதைக்கு விட்டது

அவசர வேலையாகத் தோட்டவெளிக்குப் போகிறவர்கள் இவருடைய படலைக்கு முன்னால் சைக்கிளை மெதுவாக்கக் கூடாது. ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். இப்போது முழுநேரத் தோட்டக்காரர். "தம்பி, ஒருக்கா உள்ள வந்து பாத்திட்டுப் போங்க" என்பார். பார்த்து முடிய ஒரு மணித்தியாலம் போய்விடும்.

மன்னார்த் தீவுக்கு ஆண்டில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் கொட்டி முடிந்துவிடும். கொட்டுவதைத் தீவின் மணல் அப்படியே குடித்துவிடும். ஆகவே முதல் மழைக்கு முன்பே, முருங்கனிலிருந்து வரும் லொறிக்காரரைப் பிடித்து நாலு மூட்டை களிமண் இறக்கிவிடுவார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கே ஒரு காலத்தில் போன களி அது. "அவங்க சீமெந்து செஞ்சாங்க, நான் கத்தரிக்காய் செய்யிறன்."

மார்கழியில் ஆளைப் பிடிக்க முடியாது. கத்தரி, வெண்டி, பயித்தை, வேலியோரம் செவ்வந்தி. பந்தலில் புடலங்காய்கள், நெளியாமல் நீள, நுனியில் கல் கட்டியிருப்பார். பொழுதுபட்டு வந்தவரும் தப்ப முடியாது. புடலம்பூ இருட்டிய பிறகுதான் விரியும். லேஸ் பின்னியதுபோல் விளிம்பு பிரிந்து நிற்கும் அந்த வெள்ளைப்பூவை டோர்ச் அடித்துக் காட்டுவார்.

பறிக்க மட்டும் விடமாட்டார். நல்ல காயெல்லாம் "விதைக்கு விட்டது". வீட்டுக் கறிக்குக் கத்தரிக்காய் மன்னார்ச் சந்தையிலிருந்து வரும். நத்தாருக்குக் கோயில் சோடிக்கப் பூக் கேட்டு வரும் பிள்ளைகளுக்குக் கடதாசிப்பூவைக் காட்டி, "வேணுமான அளவு வெட்டுங்க" என்பார். செவ்வந்தியா? அது விதைக்கு.

கழுதைகளிடம் இந்த நியாயம் எடுபடாது. தீவெங்கும் கட்டாக்காலியாய்த் திரிகிறவை, பனையோலை வேலியில் ஒரு பொத்தல் கண்டால் போதும். விடியும்போது விதைக்கு விட்டதும் கறிக்கு விட்டதும் ஒரே வயிற்றுக்குள் இருக்கும். வேலியை அடைத்துக்கொண்டே, "எங்கட வெண்டிக்காய் ருசி கழுதைக்கே விளங்குது" என்பார் பெருமையாக.

வைகாசியில் சோளகம் எழும்பினால் மணல் பறக்கும், கிணறு சவராகும். முருங்கையும் கடதாசிப்பூவும்தான் மிஞ்சும். சுற்றிக்காட்டுவது நிற்காது. வெறும் பாத்தியருகே நின்று, "இதிலதான் புடலங்காய் நிண்டது, இந்தளவு நீளம்" என்று கைகளை விரிப்பார். மாதம் போகப்போக விரிப்பு கூடும். ஆவணியில் தன் கை போதாமல், வந்தவரின் ஒரு கையையும் பிடித்து நீட்டச் சொல்வார்.