சோலூர்ல எலுமிச்சை வளக்கப் போற தம்பிக்கு

கோயம்புத்தூர்ல இருந்து வந்து இன்னும் ஒரு குளிர்காலம் முழுசாப் பாக்கலை, அதுக்குள்ள ஊட்டிப் பக்கம் இந்தச் சோலூர்ல எலுமிச்சை வைக்கப் போறியா தம்பி? வை, வை. கேரட் போட்டுக் கடனானவங்க இந்த ஊர்ல இருக்காங்க. தேயிலை போட்டுட்டு விலையை நினைச்சு அழுறவங்க இருக்காங்க. எலுமிச்சை வச்சுப் பனிக்கு அழுறவர் ஒருத்தர் இல்லாததுதான் ஊருக்குக் குறையா இருந்துச்சு.

அதுவும் தரையில இல்லை, தொட்டியிலயாம். அங்கதான் உனக்குப் புத்தி வேலை செஞ்சிருக்கு. தெரிஞ்சு செஞ்சியா, தெரியாமச் செஞ்சியான்னு நான் கேக்க மாட்டேன். தரையில வச்ச மரம் பனி வந்தாலும் நின்ன இடத்துலயே நிக்கணும். தொட்டி மரத்தை நகத்தலாம். பிரெஞ்சு தேசத்துல பதினாலாம் லூயின்னு ஒரு ராஜா. அவருக்கும் உன் ஆசைதான். குளிர்காலத்துல ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொண்டுபோய் வைக்கிறதுக்குன்னே வெர்சாய் அரண்மனையில 1684-ல ஒரு கல் மாளிகை கட்ட ஆரம்பிச்சார். மரமெல்லாம் பெட்டியில நிக்கும். மே மாசம் வெளியில வரும், அக்டோபர்ல உள்ள போயிரும். இன்னைக்கும் அப்படித்தானாம், பேத்தி போன்ல காட்டினா. ராஜாவுக்கு இழுக்க ஆளு அம்பாரமா இருந்துச்சு. உனக்கு இருக்கிறது உன் வீட்டுக்காரம்மாவும் நானும். எனக்கு இடுப்பு வலி.

அதனால நீல டிரம்மைப் பாதியா வெட்டி மண்ணைக் கொட்டறதுக்கு முன்னாடியே அடியில சக்கரப் பலகை போட்ரு. பாதி டிரம் நனைஞ்ச மண்ணோட 150 கிலோ பக்கம் வரும். கொட்டி முடிச்சுட்டுச் சக்கரம் தேடுற ஆளு நீன்னு எனக்குத் தெரியும். டிரம் அடியில ஓட்டை போடவும் மறந்துறாதே. ஜூன்ல மழை பிடிச்சா வேர் அழுகித்தான் மரம் போகும், பனி வரைக்கும் காத்திருக்காது.

மண்ணு எங்க எடுக்கப் போறே? பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துலயா? நல்லா இருக்கு. தேயிலைக்குப் புளிப்பு மண்ணுதான் பிடிக்கும், பி.எச். 4.5-ல இருந்து 5.5 வரைக்கும். எலுமிச்சைக்கு 6 பக்கம் வேணும். பழம் புளிச்சாப் போதும், மண்ணு புளிக்க வேண்டாம். மணலும் மக்குன தொழுவுரமும் கலந்து, ஒரு கைப்பிடி டோலமைட் போடு.

அப்புறம் சாதி. புளியங்குடிப் பக்கத்து நாட்டு எலுமிச்சை வெயில்ல வளந்தது, இந்தக் குளிருக்குச் சரிப்படாது. கிடைச்சா மேயர் லெமன்னு ஒட்டுக் கன்னு வாங்கு. 1908-ல ஃபிராங்க் மேயர்ங்கிறவர் சீனாவுல இருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன சாதி அது. சீனாவுல அதை வீட்டு வாசல்ல தொட்டியில வச்சு அழகு பாத்தாங்க. உனக்குன்னே பிறந்த மரம்.

இப்பப் பனிக்கு வருவோம். பனி மேல இருந்து கொட்டுதுன்னு நினைச்சிட்டு இருக்கே. அப்படி இல்லை. பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி தரையும் இலையும் ஆகாசத்துக்கே திருப்பிக் குடுத்துரும். மேகம் இருந்தா கொஞ்சம் தடுக்கும். ஹெத்தையம்மன் பண்டிகை வர்ற டிசம்பர், ஜனவரியில மேகம் ஏது? நட்சத்திரம் நல்லாத் தெரியுதுன்னு நீ போட்டோ எடுப்பே பாரு, அந்த ராத்திரிதான் மரத்துக்கு ஆபத்து. காத்தும் நின்னுபோச்சுன்னா குளிர்காத்து கனத்துச் சரிவுல இறங்கிப் பள்ளத்துல உக்காந்துக்கும். தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக் கிடக்கும், மேட்டு ஊர்ல ஒண்ணுமே இருக்காது. நீயோ பள்ளத்துல ஓடை தெரியுதுன்னு வீடு கட்டினவன்.

அதனால அக்டோபர் கடைசியிலயே தொட்டியைத் தெக்குப் பாத்த சுவரை ஒட்டி, கூரை நீட்டுக்கு அடியில தள்ளு. டிசம்பர்ல சூரியன் தெக்கால சாயுறதால சுவர் பகல் பூரா சூடு வாங்கி ராத்திரி விடும். இலைக்கு மேல கூரை இருந்தா சூடு ஆகாசத்துக்குப் போகாது. சாயங்காலம் சாக்கு போத்தி, காலையில வெயில் வந்ததும் எடுத்துரு. பிளாஸ்டிக் ஷீட்டைச் சுத்தாதே, இலையில ஒட்டுன இடமெல்லாம் கருகும். ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-ல மெக்ஐவர் துரை காலத்துல ஆரம்பிச்சது. அங்கேயே பனிக்கு நாத்து மேல மிலாறுச் செடியைப் போட்டுத்தான் மூடுறாங்க. நீ புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம்.

ஜனவரியில இலை மஞ்சளாகும். உடனே உரக்கடைக்கு ஓடுவே, யூரியா போடுவே, தண்ணியும் ஊத்துவே. குளிர்ல வேர் சரியா உறிஞ்சாது தம்பி. 12, 13 டிகிரிக்குக் கீழ போனா எலுமிச்சை வளர்றதையே நிறுத்திரும். ஊத்தின தண்ணி அப்படியே நின்னு வேரை அழுக வைக்கும். மேல் மண்ணு காஞ்சா மட்டும் ஊத்து, அதையும் மத்தியானத்துலயே முடிச்சுக்கோ. உரமெல்லாம் மார்ச்ல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான். ஐப்பசியில உரம் போட்டா இளந்தளிர் விடும், மார்கழிப் பனிக்கு முதல்ல கருகுறது அந்தத் தளிர்தான்.

கருகின கிளையைப் பாத்ததும் கத்தரிக்கோலைத் தூக்காதே. அது மார்ச் வரைக்கும் அப்படியே இருக்கட்டும். எது செத்துச்சு, எது உயிரோட இருக்குன்னு அப்பத்தான் தெரியும். உன் வீட்டுக்காரம்மா "பாக்க அசிங்கமா இருக்கு"ன்னு சொன்னா என் பேரைச் சொல்லு, திட்டு எனக்கு வரட்டும். காட்டெருமை வந்து தொட்டியை முட்டிச்சுன்னா மட்டும் என் பேரைச் சொல்லாதே.

பூ விட்டதும் ஊருக்கெல்லாம் ஊறுகாய் தர்றேன்னு சொல்லிட்டுத் திரியாதே. கீழயே லெமன் பழுக்க எட்டு, ஒன்பது மாசம் ஆகும், இந்தக் குளிர்ல இன்னும் இழுக்கும். அதுவரைக்கும் ஊட்டி மார்க்கெட்டுக்குக் கீழ இருந்து ஏறி வர்ற பழத்தையே வாங்கிப் பிழி. எனக்கும் நாலு வாங்கிட்டு வா.