பார்னி விலென்: ஏணி இல்லாத ஏற்றம்

கேள்வி: பிரெஞ்சு ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஒருவர் படிப்படியாக முன்னேறுவது எப்படி?

பதில்: படிகள் இருந்தால்தானே! 1937இல் நீஸ் நகரில் அமெரிக்கத் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் பிறந்த பார்னி விலென், 1957 டிசம்பரில், இருபது வயதிலேயே, லூயி மால் இயக்கிய திரைப்படம் ஒன்றின் இசைப்பதிவில், டெனர் எனப்படும் கனத்த நாத வகைச் சாக்ஸபோனுடன் அமெரிக்க ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் பக்கத்தில் நின்றார். திரையில் காட்சிகள் ஓட ஓட, பெரும்பாலும் மனோதர்மமாகவே வாசிக்கப்பட்ட அவ்விசை, படத்தைப் பார்க்காதவர்களாலும் இன்றுவரை கேட்கப்படுகிறது. உச்சியிலேயே வேலைக்குச் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வாக எதைத் தருவது?

அவரோ கார்ப் பந்தயத்துக்குப் போனார். 1967 மொனாக்கோ பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி உயிரிழந்த இத்தாலிய வீரர் லொரென்சோ பந்தினியின் நினைவாக, அப்பந்தயத்தில் பதிவான எஞ்சின் இரைச்சலையே பக்கவாத்தியமாக்கி அவர் உருவாக்கிய இசைத்தட்டு, சபைக் கச்சேரிக்கு ஏற்றதன்று எனினும், துணிவில் அதற்கு இணை அரிது. பின்னர் ஆப்பிரிக்காவில் சுற்றி, அங்குப் பதிவுசெய்த ஒலிகளைக் கொண்டு 1972இல் 'மோஷி' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்.

ரசிகர்கள் ஏறத்தாழ மறந்துவிட்ட நிலையில் அவரை மீட்டது இசை விமர்சகர் அல்லர், ஒரு சித்திரக்கதை: ஓவியர் லுஸ்தாலும் எழுத்தாளர் பரங்கோவும் அவரை முன்மாதிரியாகக் கொண்டு படைத்த அக்கதையை ஒட்டி, 1987இல் 'நீலச் சுரம்', அதாவது ஜாஸில் சற்றே தாழ்த்தி இசைக்கப்படும் சுரம், என்ற பொருளுள்ள தலைப்பில் இசைத்தட்டு வெளியிட்ட விலென், 1996இல் பாரிஸில் காலமானார்.