பொன் கொசுவும் ஒரு கோப்பைத் தேநீரும்

லண்டன்,
ஜனவரி மாதம்.

அன்புள்ள மாமா அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தையும், மாமியின் முழங்கால் வலி எம்மட்டில் இருக்கிறதென்பதையும் எழுதவும்.

கும்பகோணத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்து, சாக்கடைதோறும் மருந்தடித்து, கொசுவின் வம்சத்தையே வேரறுப்பதென்று சபதம் பூண்டிருந்த தங்களுக்கு, நான் பொதுஜன சுகாதாரம் பயிலும் கலாசாலையின் முகப்பைப் பற்றி எழுதச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. கெப்பல் தெருவில் 1929-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் உப்பரிகைகளில் கொசு, தெள்ளுப்பூச்சி, பேன், எலி முதலிய ஜந்துக்களுக்கெல்லாம் பொன் முலாம் பூசிப் பிரதிஷ்டை செய்திருக்கிறார்கள்! நோய்களை ஒழிக்கப் பாடுபட்ட 23 மகான்களின் பெயர்களோ வெறும் கல்லில்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. ஸ்திரீகளும் ஏதோ செய்திருக்கக்கூடும் என்ற ஞானோதயம் பிற்பாடு உண்டாகி, 2019-ல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், மேரி க்யூரி, ஆலிஸ் பால் ஆகிய மூவரையும் சேர்த்தார்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பிராட்விக் தெரு இருக்கிறது. 1854-ல் காலரா கண்டு அறுநூறு பேருக்கு மேல் மாண்ட பழைய பிராட் தெரு அதுதான். நோய் தண்ணீரில் வருகிறது என்று வாதாடி, செப்டம்பர் 8-ந் தேதி அங்கிருந்த பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்த டாக்டர் ஜான் ஸ்னோ மதுவிலக்குப் பிரசாரகர். ஆகவே அவருடைய ஞாபகார்த்தமாக அவர் பெயரிலேயே அங்கே ஒரு மதுபானக் கடை நடத்துகிறார்கள். ஸ்னோவின் கூற்றை முதலில் நம்பாமல், வீடுவீடாக ஏறி இறங்கி விசாரித்து, கடைசியில் 40-ம் எண் வீட்டுக் கைக்குழந்தையில் தொடங்கிய நோய் அது என்று கண்டறிந்து, ஸ்னோவின் கட்சிக்கே பலம் சேர்த்தவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியார். எங்கள் பேராசிரியர்களுக்கெல்லாம் டாக்டரிடம் பக்தி; எனக்கென்னவோ பாதிரியாரிடம்தான். துக்க வீட்டுக் கதவுகள் அவருக்குத்தானே திறந்தன?

அந்தப் பக்தியின் விளைவாக, ஈஸ்ட் ஹாமில் ஒரு மாதா கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் வயோதிகர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கைங்கரியத்தில் சேர்ந்தேன். சீக்கிரமே மாணவர் குழுவின் தலைமையும் வந்து சேர்ந்தது. மாலையும் மைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம், மாமா. மண்டபத்துச் சாவியும், நாற்காலிகளை மடித்து அடுக்கும் உரிமையும், வராதவர்களுக்கு டெலிபோன் செய்து வசவு வாங்கும் பொறுப்புமே இங்கே தலைமையின் சின்னங்கள்.

அளப்பதற்கு முன் அரைமணி நேரம் தேநீர் கூடாது, 5 நிமிஷம் வாய் பேசாமல் சாய்ந்து உட்கார வேண்டும், பட்டையை வெறுங்கையில்தான் சுற்ற வேண்டும் என்பது சாஸ்திரம். மூன்றுமே இந்த ஊருக்குச் சரிப்படாதவை. மேலங்கியைக் கழற்றினால் கம்பளிச் சட்டை, அதனடியில் இன்னொரு கம்பளி, அதற்கும் அடியில் பேத்தி பின்னிக் கொடுத்த மற்றொன்று என்று வந்துகொண்டே இருக்க, கை தென்படுவதற்குள் கிழவிக்கும் எனக்கும் ஒருங்கே மூச்சு வாங்குகிறது. தேநீர் விஷயமோ இன்னும் மோசம். மண்டபத்தின் மெய்யான அதிபதி தேநீர்ப் பாத்திரத்தருகே நிற்கும் எண்பது வயது அம்மாள்; வந்தவர் கையில் கோப்பையைத் திணித்த பிறகே அவர் பெயரை விசாரிப்பவள். சகமாணவர்கள் வர்ணப் படங்களுடன் அறிவிப்புப் பலகை வைத்தார்கள்; ஜனங்கள் அதில் குடையைச் சாய்த்து வைத்தார்கள். நான் நேரே அம்மாளிடம் போய் மன்றாடினேன். அவள் சற்று யோசித்து, "பட்டைக்குக் கை நீட்டாதவருக்குக் கோப்பையும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை" என்று பிரகடனம் செய்தாள். அன்றுமுதல் வரிசை வாசல்வரை நிற்கிறது.

அந்த வரிசையில் நம்மவர்களும் உண்டு. "தம்பி, கை விறைக்குது, கெதியாக் கழட்டும்" என்கிறார் ஒரு யாழ்ப்பாணத்து ஆச்சி. சென்ற வாரம் ஒரு தாத்தாவுக்கு மேல் எண் 180-ஐத் தாண்டிவிட்டது. "உடனே டாக்டரிடம் போங்கள்" என்று நான் சொன்னதற்குச் சிரித்தார். தேநீர் அம்மாள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பியதும், மறுபேச்சின்றிப் பின்னால் நடந்தார்.

தாங்களும் ரத்த அழுத்தம் பார்த்து எனக்கு எழுதவும். மாமி காபி கொண்டுவருவதற்கு முன்னால் பார்க்கவும். முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, ஊரில் எல்லோருக்கும் 120/80 என்று ஒரே எண்ணைச் சொல்லி அனுப்பும் மருந்துக்கடைப் பையனிடம் மட்டும் போக வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமான்